காலி வரிகள்

வெயில் சுள்ளென்று அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை
வெள்ளம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டோம்.
அல்பெர்ட்டீனா மெகாஃபோனை இரண்டு தட்டு தட்டி
"ஆறு வருது, ஆறு வருது" என்று கத்தினாள்.
பூஸி ஆறோ
முழங்கால் தண்ணீரில் படுத்துக் கிடந்தது,
தன்னைப் பற்றிய பேச்சே காதில் விழாததுபோல.
சிரிக்காதவர் யாருமில்லை.

நான் பட்டியல்காரன்.
குழுவில் எனக்கு அதுதான் வேலை.
இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
தானாக ஓட முடியாதவர்கள் பக்கத்தில் சிவப்புப் புள்ளி.
லூர்தெஸ் சித்தோலேக்கு இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒன்று.
செர்ஜியோவுக்குக் காது கேட்காது,
கதவைத் தட்டிப் பயனில்லை,
உள்ளே போய் உலுக்கி எழுப்ப ஓர் ஆள் வேண்டும்.
நிறைமாத ஜசிந்தாவுக்குப் பென்சிலில் வைத்தேன்,
அழித்துக்கொள்ளலாம் என்று.

லூர்தெஸைத் தள்ளுவண்டியில் ஏற்றி
பள்ளிக்கூட மேட்டுக்குச் சேர்க்க
நாற்பத்தோரு நிமிடம்.
கரை உடைந்தால் நீர் எங்களைத் தொட
நாற்பது.
ஒரு நிமிடத்தில் என்ன போய்விடும் என்றார் ஒருவர்.
"நான்" என்றாள் லூர்தெஸ்
வண்டிக்குள்ளிருந்து.

நேரம் எங்கே ஒழுகுகிறது என்று உட்கார்ந்து பார்த்தோம்.
சக்கரத்தில் இல்லை.
அடையாள அட்டையைத் தேடியதில் பதினொன்று,
கோழிகளைத் துரத்தியதில் ஒன்பது.
அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு
வாசல் ஆணியில் மாட்டினோம்.
மேட்டில் கோழிக்கூண்டு கேட்டு மாவட்ட அலுவலகம் போனேன்.
கோழிக்கெல்லாம் நிதி இல்லையாம்.
கோழி வராமல் லூர்தெஸ் வரமாட்டாள் என்பதை எழுத
அவர்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
மூங்கில் வெட்டி நாங்களே கட்டினோம்.

இரண்டாம் ஒத்திகை: இருபத்தாறு.
அன்று சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

மார்ச்சில் சிவப்புக் கொடி ஏறியது.
ராத்திரியில் கொடிக்கு என்ன நிறம்?
மரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடித்தோம்,
கை மரத்துப் போகும்வரை.
செர்ஜியோவை உலுக்கப் போனவன்
செர்ஜியோ ஏற்கெனவே எழுந்து
பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தோளில் வைத்திருக்கக் கண்டான்.
தரை அதிர்ந்ததாம், பாதம் சொன்னதாம்.
லூர்தெஸ் இருபத்து மூன்று நிமிடத்தில் மேட்டிலிருந்தாள்,
மடியில் ஏழு கோழிகள்.

டார்ச் வெளிச்சத்தில் பெயர் பெயராக வாசித்தேன்.
இருக்கேன், இருக்கேன், இருக்கேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
சிலர் கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன், அதை மறைக்கப் போவதில்லை.

அப்போது ஜசிந்தா கேட்டாள்,
"புகையிலைக் கொட்டகையில இருக்கறவங்க?"

வடக்கே துப்பாக்கிக்குப் பயந்து வந்தவர்கள்.
மூன்று வாரமாக அங்கே.
அவர்கள் பேச்சு எங்கள் பேச்சில்லை,
மெகாஃபோன் கத்தியது அவர்களுக்கு
வெறும் கத்தலாக இருந்திருக்கும்.
இன்னும் எத்தனை நாள் இருப்பார்களோ என்று
நான்தான் எழுதாமல் விட்டேன்.
பென்சிலில்கூட.

தோணி போய்த் திரும்ப விடிந்துவிட்டது.
மூன்று பேரைக் கொண்டுவந்தோம்.
நாலாவது பெயரை அவள் அம்மா சொல்லச் சொல்ல
எழுத்துக் கூட்டி எழுதினேன்.
முவானாஷா. ஆறு வயது.
பட்டியலில் அவள் பெயர் முதன்முதலாக ஏறியது
அன்றைக்குத்தான்.

இப்போதும் ஒத்திகை நடக்கிறது,
செவ்வாய்க்கிழமைகளில், காய்ந்த வெயிலில்.
தாளின் அடியில் பத்து வரிகளைக் காலியாக விடுகிறேன்.
பெயர்கள் தீர்ந்ததும்
அந்த வரிகளையும் ஒவ்வொன்றாக வாசிக்கிறேன்.
இங்கே யார்?
இங்கே யார்?
புதிதாக வந்தவர்கள் என்னைக் கிறுக்கன் என்று நினைக்கிறார்கள்.
லூர்தெஸ் மட்டும் கழுத்தைத் திருப்பி
வந்த வழியை ஒருமுறை பார்க்கிறாள்.